90 சென்ட் வைர மோதிரம்: எதற்குப் பணம் கொடுத்தோம், எதற்குக் கொடுக்கவில்லை

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 90 சென்ட் (0.9 கேரட்) இயற்கை வைரம், ரவுண்ட் பிரில்லியன்ட் என்கிற வட்ட வடிவம், நிறம் ஜி, தெளிவு (உள்ளே குறைகள் எவ்வளவு குறைவு என்பது) விஎஸ்2, கட் (பட்டை தீட்டிய தரம்) எக்ஸலன்ட், வைரங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏவின் சான்றிதழ் உண்டு. ஆறு கொக்கி வைத்த பிளாட்டினம் ஒற்றைக்கல் மோதிரம். நிச்சயதார்த்தத்துக்காக வாங்கியது, அன்றிலிருந்து விரலிலேயேதான் இருக்கிறது. கல்லுக்கு ஐந்துக்கு ஐந்து, மோதிரத்துக்கு மூன்றரை, விற்ற கடைக்கு மூன்று. ஏன் தனித்தனி மதிப்பெண் என்றால், கல் வாங்குவது ஒரு வியாபாரம், மோதிரம் செய்வது இன்னொன்று, அப்புறம் வரும் சர்வீஸ் வேறொன்று. கடையில் மூன்றையும் ஒரே பில்லில் போட்டுவிடுவதால் எதில் ஏமாந்தோம் என்பதே தெரியாமல் போகிறது.

ஏன் முழு 1 கேரட் வாங்கவில்லை என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். கேரட் என்பது எடை, அளவு இல்லை. 1 கேரட் 0.2 கிராம், அதை 100 சென்ட்டாகப் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் 99 சென்ட்டிலிருந்து 1 கேரட்டுக்குத் தாண்டும் இடத்தில் விலை படியேறுவதுபோல் ஏறாது, மாடிக்குத் தாவும். கண்ணுக்கு என்ன வித்தியாசம்? ஒழுங்காகப் பட்டை தீட்டிய 90 சென்ட் கல்லின் விட்டம் சுமார் 6.2 மில்லிமீட்டர், 1 கேரட் 6.4 அல்லது 6.5. இதில் இன்னொரு விஷயம், எங்களுக்கு முதலில் காட்டிய 1 கேரட் கல்லின் ஆழம் அதன் விட்டத்தில் 64 சதவீதத்துக்கு மேல். எடையெல்லாம் அடிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இந்த 90 சென்ட் அளவுதான். யாருக்கும் தெரியாத அடிவயிற்றுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பணம் போக வேண்டிய இடம் கட். நிறமும் தெளிவும் மண்ணுக்கடியிலேயே முடிவாகிவிட்டவை, கட் மட்டும்தான் மனிதன் செய்யும் வேலை, ஜொலிப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. மேலிருந்து நுழையும் வெளிச்சம் அடிப்பக்கப் பட்டைகளில் இரண்டு முறை திரும்பி மறுபடி மேலேயே வர வேண்டும். அடி தட்டையாக இருந்தால் கசிந்துவிடும், ரொம்பச் செங்குத்தாக இருந்தால் நடுவில் இருட்டடிக்கும். இந்தக் கணக்கை மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-லேயே எழுதிவைத்துவிட்டார். சரி, சான்றிதழில் எக்ஸலன்ட் என்று போட்டிருந்தால் போதுமா? போதாது. ஜிஐஏவின் எக்ஸலன்ட் ரொம்பத் தாராளமானது, மேல்பக்கக் கோணம் 31.5 டிகிரியிலிருந்து 36.5 வரை அதற்குள் அடங்கும். நாங்கள் மேல் கோணம் 34-35, கீழ் கோணம் 40.6-41, டேபிள் (உச்சியில் இருக்கும் தட்டைப் பட்டை) விட்டத்தில் 54-58 சதவீதம், ஆழம் 60-62 என்று வடிகட்டினோம். பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது, தேர்வும் எளிதாகிவிட்டது. இந்தக் கணக்கு ரவுண்டுக்கு மட்டும். ஓவல், பேர் மாதிரி வடிவங்களுக்கு ஜிஐஏ சான்றிதழில் பொதுவாகக் கட் தரம் இருக்காது, நடுவில் வில் கட்டினாற்போல ஒரு கறுப்பு நிழல் விழுகிறதா என்று கல்லை ஆட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தெளிவு விஷயத்தில்தான் விற்பனையாளர் எங்களை அதிகம் விரட்டினார். "ஆயுசுக்கும் போடுற மோதிரம் சார், விவிஎஸ் எடுத்துக்கோங்க." விவிஎஸ் என்பது விஎஸ்ஸுக்கு மேல்படி, ஆனால் அதற்கும் விஎஸ்2-க்கும் உள்ள வித்தியாசம் 10 மடங்கு பெரிதாக்கும் லூப் வழியாகப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் பழகிய கண்ணுக்கு. இந்தக் கல்லில் ஓரமாக ஒரு சின்ன வெள்ளைப் படிகம் இருக்கிறது, லூப் கையில் இருந்தும் தேடித்தான் கண்டுபிடித்தோம், இப்போது ஒரு கொக்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. எமரால்டு கட் என்கிற நீள்சதுர வடிவம் என்றால் நானே விஎஸ்1-க்குக் கீழே போக மாட்டேன், அதன் அகலமான பட்டைகள் ஜன்னல் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். விஎஸ்ஸுக்கு அடுத்த கீழ்ப்படியான எஸ்ஐ வாங்குகிறவர்கள் சான்றிதழின் அடியில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். இந்தத் தரமே வரைபடத்தில் காட்டாத மேகங்களால்தான் (நுண்ணிய புள்ளிகளின் கூட்டம்) வந்தது என்கிற பொருளில் ஒரு வரி இருந்தால் கல் மங்கலடிக்க வாய்ப்புண்டு, நேரில் பார்க்காமல் தொடாதீர்கள்.

நிறம், நிறமே இல்லாத டி-யில் தொடங்கி மஞ்சள் தெரியும் இசட் வரை. ஆய்வகத்தில் கல்லைத் தனியாக, தலைகீழாகக் கவிழ்த்துவைத்துத்தான் நிறம் பார்க்கிறார்கள், யாரும் அப்படி மோதிரம் போடுவதில்லை. வெள்ளை உலோகத்துக்கு ஜி, எச் தாராளம். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் ஜே கூட அழகாகவே இருக்கும். ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வது) என்றதும் சிலர் பயப்படுகிறார்கள், பெரும்பாலான கற்களில் அது ஒன்றும் செய்யாது. ஸ்ட்ராங் என்று இருந்தால் மட்டும் வெயிலில் பால் கலந்தமாதிரி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைக்கு ஏன் மூன்று? ஒன்று, வெளிச்சம். கூரையெல்லாம் ஸ்பாட்லைட், அதற்குக் கீழே உடைந்த கண்ணாடித் துண்டு கூட மினுக்கும். ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்க்கிறோம் என்றதும் முகம் மாறிவிட்டது. விடவில்லை, கேட்டு வாங்கிப் பார்த்தோம். நல்ல கல் என்பது நிழலான இடத்திலும் ஓரம்வரை உயிரோடு இருக்கும், இது இருந்தது, முன்னால் சொன்ன அந்த 1 கேரட் நடுவில் சாம்பல் பூத்துவிட்டது. இரண்டு, ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றிக் கேட்டபோது "அது டூப்ளிகேட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். இது சுத்தப் பொய். அதுவும் கார்பன்தான், கடினம் 10-தான், லூப் வைத்துப் பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். வைரம்போலத் தெரியும் மோய்சனைட்தான் வேறு பொருள். எனக்கு ஆய்வகக் கல்லில் ஆட்சேபணையே இல்லை, போடப்போகிறவளுக்கு மண்ணிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்றிருந்தது, அதனால் இது. ஆய்வகக் கல்லின் விலை சில வருடங்களாக விழுந்துகொண்டே வருவது உண்மைதான், ஆனால் இயற்கைக் கல்லை மட்டும் திருப்பி விற்றால் போட்ட காசு வந்துவிடுமா என்ன.

இனி மோதிரம். ஆறு கொக்கி என்பதால் ஒன்று வளைந்தாலும் கல் விழாது, அந்த நிம்மதி பெரிது. வைரம் கீறாது என்பதால் உடையாது என்று நினைக்க வேண்டாம், சரியான கோணத்தில் அடிபட்டால் பிளந்துவிடும், அதனால் ஓரத்தில் இடுப்புப் பகுதி ரொம்ப மெலிசாக இல்லாத கல்லாகப் பாருங்கள். பிளாட்டினத்தில் மெல்லிய கோடுகள் விழுந்து பளபளப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. வெள்ளைத் தங்கமென்றால் மேலே பூசிய ரோடியம் தேயத் தேய மறுபடி பூசிக்கொண்டே இருக்க வேண்டும். குறை என்றால் உயரம். கல்லைத் தூக்கி வைத்திருப்பதால் தலைமுடியில் மாட்டுகிறது, கம்பளி உடையில் நூலை இழுக்கிறது, கையுறை போடும்போது திட்டு வாங்குகிறது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறக்கிச் செய்திருக்கலாம்.

இரண்டு வாரத்தில் கல் மங்கிவிட்டதே என்று பயப்படாதீர்கள். வைரத்தில் எண்ணெய்ப்பசை சுலபமாக ஒட்டும், கையில் பூசும் கிரீம் எல்லாம் கல்லுக்குப் பின்னால் போய்ப் படிந்துகொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மிருதுவான பிரஷ். பின்பக்கத்தைத் தேய்த்தால் போதும், முன்பக்கம் தானாக ஜொலிக்கும்.

அளவு மாற்றிக் கொடுத்ததும், கொக்கிகளைச் சோதித்துக் கொடுத்ததும் இலவசம், அதில் கடையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லைத் தாங்கும் கூடையின் அடிப்பகுதி அகலமாக இருப்பதால், பக்கத்தில் இன்னொரு வளையம் போட்டால் இடைவெளி விடுகிறது. கல்யாண மோதிரத்தையும் அதே விரலில் போடும் எண்ணம் இருந்தால், ஆர்டர் கொடுக்கும்போதே நேர் வளையம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை, இப்போது வளைந்த வளையம் தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறோம், அதற்குக் காசு வேறு.