ஹெட்லைட்: ஹாலஜன் பல்பா, கடையில் மாற்றும் எல்இடியா?

ஒளி மாசு என்றால் தெருவிளக்கைச் சொல்வோம். ஓடும் வண்டிகளை மறந்துவிடுகிறோம்.

எச்4 (ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் தனித்தனி இழை உள்ள பல்பு) ஹாலஜன் 60/55 வாட், நிறத்தைக் குறிக்கும் அளவில் சுமார் 3,200 கெல்வின், மஞ்சள் ஒளி. லோ பீம் இழைக்கு அடியில் குட்டித் தகடு ஒன்று இருக்கும். வெளிச்சம் மேலே ஏறாமல் தடுப்பது அதுதான்.

அதே கூட்டில் 6,000 கெல்வின் எல்இடியைச் செருகினால் சிப் பெரும்பாலும் இழை இருந்த இடத்தில் சரியாக உட்காராது. வெட்டுக்கோடு, அதாவது லோ பீம் வெளிச்சம் மேலே முடியும் எல்லை, கலைந்து ஒளி மேலே சிதறும். நீலம் மிகுந்த ஒளி காற்றில் கூடுதலாகப் பரவும், பூச்சிகளையும் இழுக்கும். கடற்கரையை ஒட்டிய சாலைகளில் இது கொடுமை: பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கமே கடல் என்று நகரும்.

எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கு இல்லையென்றால் ஹாலஜனே நல்லது. எதுவானாலும் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்திப் பாருங்கள்: வெட்டுக்கோடு விளக்கு மையத்துக்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். டிக்கியில் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும்; லெவலிங் திருகைத் திருப்பி ஒளியைக் கீழே இறக்குங்கள்.