காலையா இரவா, ஓர் எண்ணா மூன்று எண்களா: தைராய்டு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்

அம்மாவின் தைராய்டு மாத்திரை ஒரே ஆண்டில் 50 மைக்ரோகிராமிலிருந்து 75, அங்கிருந்து 100 என்று ஏறியது. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் ஏறும் எண்) கூடுதலாக வரும், மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். மாத்திரையை எப்படிப் போட்டுக்கொள்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கியபோதுதான் கண்ணால் பார்த்தேன். விடிந்ததும் பல் துலக்கிவிட்டு, தைராய்டு மாத்திரையையும் எலும்புத் தேய்மானத்துக்கான கால்சியம் மாத்திரையையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்து, ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினார். ஐந்தாவது நிமிடம் கையில் ஃபில்டர் காபி. "எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் எதுவும் மறக்காது, கண்ணு" என்றார்.

அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வழிகள் இருப்பதே எனக்குப் புரிந்தது.

முதல் கேள்வி, அளவைக் கூட்டுவதா, பழக்கத்தைத் திருத்துவதா? மாத்திரையில் இருப்பது லீவோதைராக்சின், அதாவது செயற்கையாகத் தயாரித்த தைராய்டு ஹார்மோன். வெறும் வயிற்றில் போட்டாலே சிறுகுடல் 60 முதல் 80 சதவீதம்தான் உறிஞ்சும். கால்சியமும் இரும்புச்சத்தும் மருந்தைப் பற்றிக்கொண்டு அந்த அளவையும் குறைத்துவிடும். அதனால்தான் இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடச் சொல்கிறார்கள். காபியும் உறிஞ்சலைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு அன்றாடம் போடும் மாத்திரைகளும் அப்படியே. ஆக, டி.எஸ்.எச். ஏறியதும் அளவைக் கூட்டுவதைவிட, மாத்திரை போடும் விதத்தை முதலில் பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு, அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளினோம். காபியை ஒரு மணி நேரம் தள்ளினோம். மருத்துவரிடம் மட்டும் சொல்லவில்லை. 100 மைக்ரோகிராம் அப்படியே தொடர்ந்தது. அதுவரை குடலில் வீணாகிக்கொண்டிருந்த மருந்து இப்போது முழுசாக உள்ளே போனது. இரண்டு மாதத்தில் அம்மாவுக்குப் படபடப்பு, தூக்கமில்லை; டி.எஸ்.எச். 0.2, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. வயதானவர்களுக்கு மருந்து மிகுந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். எலும்புக்காக ஒரு மாத்திரை போட்டுக்கொண்டே, எலும்பைக் கரைக்கும் அளவில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மருத்துவர் 75க்கு இறக்கினார். அடுத்த பரிசோதனையில் 2.8. பழக்கத்தை மாற்றுகிறீர்கள் என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஆறு முதல் எட்டு வாரத்தில் பரிசோதியுங்கள்.

அடுத்து, காலையா இரவா. காலை வெறும் வயிறு என்பதே வழக்கமான அறிவுரை. காலை உணவுக்கு முப்பது நிமிடம் முன்பாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் முன்பு. எழுந்ததும் போட்டுவிட்டு வாசல் தெளித்து, கோலம் போட்டு, குளித்து முடிப்பவருக்கு இது எளிது. அந்த ஒரு மணி நேரம் தானாகவே கழிந்துவிடும். எழுந்ததும் காபி இல்லாமல் கை கால் ஓடாதவருக்கு இது அன்றாடப் போராட்டம்.

இரவை எடுத்துக்கொண்டால், நெதர்லாந்தில் 105 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. ஒவ்வொருவரும் மூன்று மாதம் காலையிலும் மூன்று மாதம் இரவிலும் மாத்திரை போட்டார்கள். இரவில் போட்ட காலத்தில் டி.எஸ்.எச். சராசரியாக 1.25 குறைவாக இருந்தது, அதாவது மருந்து இன்னும் நன்றாக உள்ளே போயிருக்கிறது. ஆனால் உடல் சோர்விலோ மனநிலையிலோ அவர்கள் வித்தியாசம் எதையும் உணரவில்லை. இரவு வழிக்கு நிபந்தனை ஒன்றுதான்: சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பத்து மணிக்குத் தோசை சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கும் வீடுகளில் இது நடக்காத காரியம். படுக்கும் நேரத்தில் பால் குடிப்பவருக்கும் ஒத்துவராது. ஏழரைக்குள் சாப்பிட்டு முடிப்பவர் என்றால் தயங்காமல் இரவைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. சில நாள் காலை, சில நாள் இரவு என்று மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கூடாது. அப்படிச் செய்தால் ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இனி ரிப்போர்ட். முதலில் ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு டி.எஸ்.எச். 8 என்று வந்தது, பக்கத்தில் 'அதிகம்' என்ற குறியோடு. "தைராய்டு கூடிவிட்டது" என்று அவராகவே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தார். நேர் எதிர்! டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அந்தக் கட்டளையின் குரல் உயரும். எண் அதிகம் என்றால் உடலுக்குக் கிடைக்கும் ஹார்மோன் போதவில்லை என்று பொருள். 0.4க்கும் 4க்கும் இடைப்பட்டது பொதுவான வரம்பு. பரிசோதனை நிலையத்துக்கு நிலையம் சற்று மாறும். எழுபதைத் தாண்டியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் பொருட்படுத்துவதில்லை.

டி.எஸ்.எச். மட்டும் போதுமா, டி3, டி4 (தைராய்டு சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள்) சேர்ந்த தொகுப்புப் பரிசோதனை வேண்டுமா? பலரும் மூன்று எண்கள் வந்தால்தான் முழுமை என்று நினைக்கிறோம். ஏற்கெனவே மாத்திரை எடுத்து நிலையாக இருப்பவருக்கு டி.எஸ்.எச். ஒன்றே பெரும்பாலும் போதும். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்குகூட ஏறும்; அவ்வளவு நுட்பமான எண் அது. டி3 அளவு லீவோதைராக்சின் எடுப்பவர்களின் மருந்தளவைத் தீர்மானிக்க உதவுவதில்லை. அதற்குக் கொடுக்கும் பணம் வீண் என்றே நினைக்கிறேன். தொகுப்பில் வரும் மொத்த டி4கூட ஏமாற்றும்: கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடமும் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடுவதால் மொத்த அளவு உயர்ந்து தெரியும். இரண்டாவது எண் தேவையென்றால் ஃப்ரீ டி4, அதாவது அந்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4 அளவைக் கேளுங்கள். பிட்யூட்டரியிலேயே கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டி.எஸ்.எச். பயன்படாது, அவர்களுக்கு ஃப்ரீ டி4 தான் வழிகாட்டி.

ஃப்ரீ டி4 பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முன்பே போட்டால் சில மணி நேரத்துக்கு அந்த எண் உயர்ந்து நிற்கும். டி.எஸ்.எச். அதிகாலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுப்பது நல்லது. முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில கருவிகளில் பயோட்டின் டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் ஃப்ரீ டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். மருந்து மிகுந்துவிட்டது போலவே ரிப்போர்ட் வரும்.

ஒருநாள் 75, மறுநாள் 100 என்று எழுதித் தருவதும் உண்டு, தினமும் 88 என்று ஒரே மாத்திரை தருவதும் உண்டு. இந்த மருந்து உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆவதால் இரண்டும் ஒன்றே. வயதானவர் என்றால் ஒரே மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். இன்று எது என்ற குழப்பம் இருக்காது.

அதே ஏழு நாள் கணக்குதான் அவசரமா பொறுமையா என்பதற்கும் பதில். அளவை மாற்றிய இரண்டாவது வாரமே பரிசோதித்தால் உடல் இன்னும் பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் நடுவில்தான் இருக்கும். ஆறு வாரமாவது போகட்டும்.

கர்ப்பம் மட்டும் பொறுக்காது. முதல் மாதங்களில் குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பி இருக்கிறது. தைராய்டு மாத்திரை எடுக்கும் என் தங்கைக்கு இரண்டாவது பிள்ளைக்கு முன்பே மருத்துவர் சொல்லி வைத்திருந்தார்: உறுதியான அன்றே கூப்பிடு, வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்போம் என்று. நாள் தள்ளிப்போன காலையில் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்ததும் அவள் முதலில் கூப்பிட்டது கணவரை, அடுத்தது அந்த மருத்துவரை. அம்மாவுக்கு மூன்றாவதாகத்தான் சொன்னாள், அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையைக் கூட்டிவிட்டாரா?"