வண்டி ஓட்டும்போது மெசேஜைத் தடுக்கும் ஆப்கள்: வேலூர் ரோட்டில் நீண்ட நாள் அனுபவம்

வண்டி ஓட்டும்போது மெசேஜ், அழைப்புச் சத்தத்தைப் போன் தானாக அடக்கும் வசதிகள் காரில் ஒழுங்காக வேலை செய்யும்; ஆனால் ஸ்கூட்டரில் காலேஜ் போகும் பிள்ளைகளிடம் பாதிதான் பலிக்கின்றன. காரில் புளூடூத் இணைந்ததுமே போன் அடங்கிவிடும். ஸ்கூட்டரில் அசைவையும் ஜிபிஎஸ்ஸையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து போனால் வண்டி ஓடுவதாகவே அது எடுத்துக்கொள்ளாது. பாலாற்றுப் பாலத்தில் வேகம் பிடித்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். ஆனால் பாகாயம்–காட்பாடி டவுன் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் போனையும் அடக்கிவிடும். ஓட்டுகிறவர் யார், பயணி யார் என்று அதற்குத் தெரியாது. ஐபோனில் ‘நான் ஓட்டவில்லை’ பட்டனை பஸ்ஸில் அழுத்திப் பழகிய விரல் வண்டியிலும் அழுத்தும். பெரிய ஓட்டை இதுதான்.

அதனால் டூவீலருக்கு மேனுவல், அதாவது நாமே ஆன் செய்வதுதான் நம்பகமானது. ஐபோனில் செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங் என்று போய் ‘மேனுவலி’ வைத்துவிட்டு, ஹெல்மெட் மாட்டும் முன் கண்ட்ரோல் சென்டரில் ஆன் செய்யலாம். ஆண்ட்ராய்டில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போதும். மெசேஜ் அனுப்புபவருக்கு ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஐபோன் தானாக அனுப்பும் பதில் வாட்ஸ்அப்புக்குப் போகாது என்பதை நண்பர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

குடும்பத்தினர் இருக்கும் இடத்தைக் காட்டும் லைஃப்360 போன்ற ஆப்கள் எதையும் தடுப்பதில்லை. ஓட்டும்போது போனைத் தொட்டதைப் பெற்றோருக்குக் காட்டும், அவ்வளவுதான். அதுவும் லொகேஷனை ‘எப்போதும் அனுமதி’ என்று வைத்தால்தான். ரெட்மி, ரியல்மீ, விவோ போன்களில் ஆப் தானாக இயங்க அனுமதிக்கும் ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, பேட்டரிக் கட்டுப்பாட்டையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் பின்னணியில் ஆப்பை நிறுத்திவிடும், பயணமே பதிவாகாது. சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகு இதை மறுபடி பாருங்கள்.

யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: ‘அடுத்தடுத்த அழைப்பு’. ஐபோனில் 3 நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். அவசரத்துக்கென்று வைத்தது. “எங்கப்பா இருக்க?” என்று கேட்க அம்மா இரண்டு தடவை அடித்தாலே பூட்டு திறந்துவிடும். 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர். பெயரைப் பார்க்கும் 3 நொடியில் 33 மீட்டர் போயிருக்கும். அந்த வசதியை வைத்துக்கொள்வதானால், இரண்டாம் அழைப்பு நிஜமான அவசரத்துக்கு மட்டும் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

18 நிரம்பாத பிள்ளைக்கு ஆப் தேட வேண்டாம். 110 சிசி ஸ்கூட்டரை அவர்கள் ஓட்டவே கூடாது. விபத்தோ மீறலோ நடந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.