தோலைப் பார்த்து எலும்பைச் சொன்ன டாக்டரம்மா

மகளின் தொடையிலும் இடுப்பிலும் மஞ்சள் சாயலில் தடித்த சிறு புடைப்புகள், வலியில்லை, அரிப்பில்லை. வேறு இடங்களில் களிம்புதான் கொடுத்தார்கள். எங்கள் ஊர்த் தோல் கிளினிக்கில் டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, கையையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மூட்டுகளின் அருகே எலும்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்! புஷ்கே-ஓலன்டார்ஃப் நோய்க்குறியாம், அதாவது தோலிலும் எலும்பிலும் சேர்ந்து தெரியும் ஒரு பரம்பரைக் கோளாறு. எல்இஎம்டி3 மரபணுவில் மாற்றம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. என் கணவரின் எக்ஸ்ரேயிலும் அதே புள்ளிகள். பெரும்பாலும் தொந்தரவு தராது, களிம்பே வேண்டாம் என்றார். பிற்பாடு யாராவது இந்தப் புள்ளிகளைப் பார்த்துப் புற்றுநோய் பரவல் என்று பயந்துவிடக் கூடாதென்று ஒரு கடிதமும் எழுதித் தந்தார் பாருங்கள், அதற்கே ஐந்து நட்சத்திரம். டோக்கன் முறைதான் மோசம்; சாயங்காலம் வேண்டாம், காலையிலேயே போய்விடுங்கள்.