ஆயில் டிரெயின் போல்ட்டின் மரை போய்விட்டால்: பெரிய போல்ட்டா, ஹெலிகாயிலா, புஷ்ஷா?

பைக்கில் ஆயில் மாற்றும்போது, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் இறுகாமல் சும்மா சுற்றினால், பெரும்பாலும் அலுமினிய கிராங்க் கேஸின் (இன்ஜினின் அடிப்பகுதி உறை) மரைதான் அரிந்து போயிருக்கும். எஃகுப் போல்ட்டுக்குச் சேதம் குறைவாகவே இருக்கும். டெஃப்லான் டேப்பைச் சுற்றியோ எம்-சீல் பூசியோ ஓட்டுவதை நான் ஒரு வழியாகவே கருதவில்லை. போல்ட் கழன்று விழுந்தால் ஆயில் பின் சக்கரத்தில் படும், இன்ஜினும் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் போல்ட் தாங்கும் பளு மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் அதைக் கழற்றி மாட்டியாக வேண்டும். ஆகவே மரையின் வலிமையைவிட, அது எத்தனை முறை கழற்றினாலும் நிலைக்குமா, வாஷர் கேஸின் முகத்தில் சமமாக அமருமா என்பவையே முக்கியம்.

தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஓவர்சைஸ் போல்ட் மலிவானது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அதை நேராகப் பிடித்து இறக்குவது கடினம். சற்றே சாய்ந்தாலும் வாஷரின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆயில் கசியும், வலிந்து இறுக்கினால் கேஸிலேயே விரிசல் விழும். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டு முறையாகப் புது மரை வெட்டி அடுத்த அளவுப் போல்ட்டை மாட்டுவது இதைவிட எவ்வளவோ மேல்.

பல பைக்குகளில் இருக்கும் 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி கொண்ட போல்ட்டை எடுத்துக்கொண்டால், ஹெலிகாயிலுக்கு (பெரிதாக்கிய துளைக்குள் புது மரையாக அமரும் கம்பிச் சுருள்) வெட்டும் மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 13.95 மி.மீ.; அதாவது 14 மி.மீ. போல்ட்டுக்குத் தேவையான துளைதான் இதற்கும். அதே அளவு உலோகத்தை இழந்து, பழைய போல்ட்டையே தக்கவைத்துக்கொள்வதோடு, அலுமினியத்துக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு மரையும் கிடைப்பதால், இவ்விரண்டில் ஹெலிகாயிலையே நான் தேர்ந்தெடுப்பேன். அதன் குறை, சரியாகப் பொருத்தாத கம்பிச் சுருள் பின்னொரு நாள் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடக்கூடும் என்பது. சுருளின் அடியிலுள்ள நாக்கை உடைக்கும்போது அது கேஸுக்குள் விழுந்துவிடாமல் எடுத்துவிடவும் வேண்டும்.

டைம்-செர்ட் போன்ற, உள்ளும் புறமும் மரை கொண்ட முழு உருளைப் புஷ்ஷில் அந்தக் கவலை இல்லை. அதன் கடைசி மரைகள் வெளிப்புறமாக விரிந்து கேஸைக் கவ்விக்கொள்வதால், போல்ட்டைக் கழற்றும்போது புஷ் கூடவே வருவதில்லை. கிட்டின் விலை அதிகம் என்பதுதான் தடை. அந்தச் செலவு முடியாதென்றால், நல்ல லேத் பட்டறையில் எஃகுப் புஷ் கடைந்து, மரைப் பசை தடவி ஏற்றலாம். ஆனால் துளையைச் சுற்றியுள்ள சுவரின் தடிமன் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். நெடுநாள் வைத்து ஓட்டப்போகும் வண்டிக்குப் புஷ்ஷே என் முதல் தேர்வு.

எந்த வழியானாலும், டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து வெட்டுவதும், முடித்தபின் கொஞ்சம் மலிவான ஆயிலை மேலிருந்து ஊற்றித் துகள்களைக் கழுவி இறக்குவதும் அவசியம். சுவரில் விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தால் இவற்றில் எதுவும் பயன்படாது. டிக் வெல்டிங் செய்து புதிதாக மரை வெட்ட வேண்டும், அல்லது கேஸை மாற்ற வேண்டும்.