ஒரு ஜெனரல் எழுதிய போர்க் கணக்கு

மருதானை, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையோரத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் ஸ்மெட்லி பட்லரின் ‘வார் இஸ் எ ராக்கெட்’ என்னும் சிறு நூலை 400 ரூபாவுக்கு வாங்கி, வெள்ளவத்தைக்குத் திரும்பும் ரயிலிலேயே பாதிக்கு மேல் வாசித்துவிட்டேன். தலைப்பிலுள்ள ‘ராக்கெட்’ வானில் பாய்வதன்று; ஒரு சிலர் இலாபமடைவதற்காகப் பலரை ஏமாற்றி நடத்தும் கொள்ளைத் தொழிலைக் குறிக்கும் சொல்.

1935இல் இதனை வெளியிட்ட பட்லர், 16 வயதில் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றவர். 1914இல் மெக்சிக்கோவின் வெராக்ரூஸிலும் 1915இல் ஹெய்ட்டியிலும் போரிட்டமைக்காக, தம் நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தை இருமுறை பெற்றவர். ஆகவே, போரைக் கண்டு அஞ்சியவரின் பேச்சு என்று இந்நூலை எவராலும் ஒதுக்கிவிட முடியாது.

நூலின் உயிர் அதன் கணக்குகளில் இருக்கிறது. முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஆண்டுக்குச் சராசரியாக 60 இலட்சம் டொலர் இலாபமீட்டிய டூபொன்ட் வெடிமருந்து நிறுவனம், போர்க்காலத்தில் ஆண்டுக்கு 5 கோடி 80 இலட்சம் ஈட்டியதாக அவர் எழுதுகிறார். 40 இலட்சம் படையினருக்கு 3 கோடி 50 இலட்சம் சோடிச் சப்பாத்துகள் விற்கப்பட்டன. ஆனால் அவருடைய படைப்பிரிவில் ஆளுக்கு ஒரு சோடிதான் இருந்தது. படையினருக்கென வாங்கப்பட்ட 2 கோடி நுளம்பு வலைகளில் ஒன்றேனும் பிரான்ஸைச் சென்றடையவில்லை. மறுபுறம், மாதம் 30 டொலர் பெற்ற சிப்பாயிடமிருந்து குடும்பத்துக்கான பங்கையும் காப்புறுதிப் பணத்தையும் கழித்துக்கொண்டு, எஞ்சியதற்கும் போர்க் கடன் பத்திரங்களை அவன் தலையில் கட்டினார்கள். 100 டொலருக்கு வாங்கச் செய்த அதே பத்திரத்தை, அவன் திரும்பி வந்து வேலையின்றி நின்றபோது 84 டொலருக்கு மீள வாங்கிக்கொண்டார்கள் என்னும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து, நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கூறும் தீர்வுகளுள் எனக்கு மிக நேர்மையானதாகத் தோன்றுவது, இளைஞர்களைப் படைக்கு அழைப்பதற்கு முன்னர் முதலாளிகள், அதிகாரிகள், அரசியல்வாதிகள் அனைவரதும் வருமானத்தைச் சிப்பாயின் அந்த 30 டொலருக்கே மட்டுப்படுத்த வேண்டும் என்பதாகும். போரிடச் செல்வோர் மட்டுமே போரைப் பற்றி வாக்களிக்க வேண்டும் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. குண்டு விழும் ஊரில் இருப்பவர்களுக்கு அதில் இடமில்லையே.

நூலின் பெரும் குறையும் அதுவே. ‘யார் விலை கொடுக்கிறார்கள்’ என்று கேட்கும் அத்தியாயம், 18 மருத்துவமனைகளில் சிதைந்து கிடந்த ஏறத்தாழ 50,000 படையினரை மனம் நடுங்கும் வகையில் காட்டுகிறது. ஆனால் படை புகுந்த நிலத்தின் மக்களுக்கு அங்கே தனிக் கணக்கு இல்லை. பட்லர் தலைமைதாங்கிய ஹெய்ட்டியக் காவல்படைதான் கிராமத்தவரைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தி வீதி அமைத்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, அந்த வெற்றிடம் கண்ணில் படாமல் போகாது.

நான் வாங்கிய பிரதியின் எழுத்துகள் மிகச் சிறியவை, தாளும் மெலிது. ஆயினும் ஆங்கிலம் எளிமையானது. மேடைப் பேச்சாகப் பிறந்த நூலாதலால் வாக்கியங்கள் குறுகியவை, உயர்தர வகுப்பு மாணவரும் ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம். இனி இதனை மறுபதிப்புச் செய்பவர்கள், ஹெய்ட்டி பற்றி இரண்டு பக்கமேனும் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும்.