புழுங்கலரிசி, தீட்டாத அரிசி, சிறுதானியம்: எது எதற்கு உதவும்?

சோற்றைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீட்டில் அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் எவ்வளவு குறைப்பது என்பதாக இருப்பதில்லை. அரிசிக்குப் பதிலாக எதைப் பொங்குவது என்பதாகத்தான் இருக்கிறது. அன்றாடம் வேகும் புழுங்கலரிசியையும், கடைகளில் விலை கூடுதலாக விற்கும் தீட்டாத அரிசியையும், சாமை, வரகு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க முனைவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த நோயை மனத்தில் வைத்து ஒப்பிடுகிறோம் என்பதையே. சத்துக் குறைவால் வரும் நோய்க்கு ஒரு விடையும், நீரிழிவைப் போல ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வரும் நோய்க்கு வேறொரு விடையும் கிடைக்கின்றன.

பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல் என்பதற்கான சான்று நூறாண்டுக்கும் மேல் பழையது. அந்தச் சான்று உருவானதில் கடல் கடந்த தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் நாட்டில், பி1 வைட்டமின் குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கியபோது, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களை அது கடுமையாகத் தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே அரிதாகவே காணப்பட்டது. அங்கே பணியாற்றிய மருத்துவர் பிராட்டன் இந்த வேறுபாட்டை விரிவாகச் சுட்டிக்காட்டினார். வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, நோய் பச்சரிசிப் பிரிவிலேயே பரவியதை 1907-இல் வெளியிட்டார். இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின், அதாவது பி1 வைட்டமின், ஓரளவு அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைகளின்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் தயமின் 0.05 மில்லிகிராம், புழுங்கலரிசியில் 0.17, தீட்டாத அரிசியில் 0.27 உள்ளது. அந்த நிறுவனமே 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான். கஞ்சியை வடித்துக் கொட்டினால் இந்தச் சத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தீட்டாத அரிசியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தவிடு இருப்பதால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் மக்னீசியமும் கூடுதல். சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை உடல் எடை கூடியவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசியைக் கொடுத்து ஆராய்ந்தபோது, உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை உயரும் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடையூறுகள் வேறு வகையானவை: வேக நேரமாகும், மெல்ல வேண்டும், தவிட்டு எண்ணெய் சிக்கடிப்பதால் நாள்பட வைக்க முடியாது, ரசமும் மோரும் ஊற்றிப் பிசைந்தால் நாக்கு ஏற்பதில்லை. வாங்கிய முதல் பையோடு நிறுத்திவிட்ட வீடுகள் பல. தொடர முடியாத உணவில் நீண்டகால நன்மையைத் தேடுவதில் பொருளில்லை.

சிறுதானியங்களை ஒரே கூட்டமாக எடைபோடுவதுதான் இந்த ஒப்பீட்டில் நடக்கும் பெரிய பிழை. கேழ்வரகு தனித்து நிற்கிறது. 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அதே எடை தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. பால் குடிக்காத பிள்ளைகளுக்கும் எலும்பு தேயும் வயதினருக்கும் இது சிறிய வேறுபாடு அல்ல. மேலும், கேழ்வரகின் தோல் உட்பகுதியோடு இறுக ஒட்டியிருப்பதால் அதை அரிசியைப் போல எளிதில் தீட்ட முடியாது. முழுதாக அரைத்தே ஆக வேண்டும். கம்பில் இரும்பும் புரதமும் கூடுதல், ஆனால் அதன் மாவு சில நாள்களிலேயே கசந்துவிடும். சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றின் உமி உண்ணத்தக்கதன்று. அதை நீக்கும் ஆலைகள் நிறத்துக்காகவும் கெடாமல் இருப்பதற்காகவும் தவிட்டையும் சேர்த்தே தீட்டிவிடுகின்றன. அப்படி வெளுத்து வரும் சாமை, அரிசியிலிருந்து பெயரில் விலகிய அளவுக்குச் சத்தில் விலகியிருப்பதில்லை. வாங்குபவர் தானியத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும்: மங்கலாக, சற்றுப் பழுப்பாக இருப்பதே நல்லது.

அட்டவணையில் உள்ள சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பது இன்னொன்று. தானியத் தோலில் உள்ள பைட்டேட் என்ற பொருள், இரும்பையும் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் கூழை இரவில் புளிக்க விடுவதும் இந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. நம் முன்னோர் கம்மங்கூழைப் புளிக்கவைத்துக் குடித்தது சத்து நோக்கிலும் சரியானதே. பழைய சோற்றில் இரும்புச்சத்து ஓர் இரவில் பல மடங்கு பெருகிவிடும் என்று சுற்றிவரும் செய்தியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புளிப்பதால் புதிதாக இரும்பு உண்டாவதில்லை. இருப்பதை உடல் எடுத்துக்கொள்வது எளிதாகிறது, அவ்வளவுதான்.

நீரிழிவை வைத்துப் பார்க்கும்போது ஒப்பீடு வேறு திசையில் திரும்புகிறது. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதைக் காட்டும் எண் கிளைசெமிக் குறியீடு. 2008-இல் வெளியான பன்னாட்டுக் கிளைசெமிக் குறியீட்டு அட்டவணை வேகவைத்த வெள்ளை அரிசிக்குச் சராசரி 73, தீட்டாத அரிசிக்கு 68, சிறுதானிய மாவுக் கஞ்சிக்கு 67 என்று தருகிறது. கடையில் சொல்லப்படும் அளவுக்கு இடைவெளி பெரிதல்ல. மாவு எவ்வளவு நைசாக அரைபடுகிறதோ, எவ்வளவு குழைய வேகிறதோ, அவ்வளவு விரைவில் அது சர்க்கரையாகிறது. ஆகவே காலையில் குடிக்கும் கேழ்வரகுக் கஞ்சி, முருங்கைக் கீரை சேர்த்துத் தட்டிய கேழ்வரகு அடையைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றக்கூடும்.

அளவின் பங்கு இதைவிடப் பெரிது. 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 விழுக்காடு அதிகமாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என 2025-இல் தெரிவித்தது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அதே அளவில் உண்பது நீரிழிவு அபாயத்தைக் குறைப்பதாக அதில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் கழித்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதத்தைச் சேர்ப்பதே அபாயக் குறைவோடு தொடர்புபட்டிருந்தது. ஒரு காலப்புள்ளியில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆயினும் மற்றச் சான்றுகள் காட்டும் திசையும் இதுவே.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால், என் தேர்வு இப்படி அமையும். மதிய உணவுக்குப் புழுங்கலரிசியே போதும், ஆனால் இன்று போடும் குவியலில் பாதி. விடுபட்ட பாதிக்கு ஈடாகக் கூட்டும் சுண்டலும் கீரையும், அசைவம் உண்போருக்கு மீனும். கேழ்வரகைச் சர்க்கரைக்கு மருந்தாக நினைக்காமல் கால்சியத்துக்காக, வாரத்தில் சில நாள்கள் அடையாகவோ களியாகவோ உண்ணலாம். தீட்டாத அரிசி, அதன் சுவை பிடித்தவர்களுக்கு மட்டும். பாக்கெட்டில் வரும் சிறுதானிய நூடுல்ஸும் பிஸ்கட்டும் இந்தப் போட்டியிலேயே சேராதவை. பலவற்றில் மைதாவே முதலிடத்தில் இருப்பதை உறையின் பின்புறம் சொல்லிவிடும்.

தனி வீட்டின் விருப்பத்தைத் தாண்டிய ஒரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 2011 முதல் அரிசி இலவசம். மாதம் கிடைக்கும் அளவு அட்டையைப் பொறுத்தது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு 1 கிலோ. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் நீரிழிவைத் தடுப்பதே நோக்கமானால், அந்த 2 கிலோ அரிசிக்கு ஈடாக இரண்டாவது கிலோ பருப்பைக் கொடுப்பது கூடுதல் பலன் தரும் என்றே நினைக்கிறேன்.